நைட் டியூட்டி, சீட்டுப் பணம், ஞாயிறு ஆராதனை: ஜமைக்காவை விட்டு வந்த அம்மாக்கள்

லண்டனின் பிரிக்ஸ்டனிலோ, பர்மிங்காமின் ஹாண்ட்ஸ்வொர்த்திலோ, நியூயார்க்கின் ஃபிளாட்புஷிலோ வயதான ஒரு ஜமைக்கப் பெண்மணி இறந்துபோனால், அடக்க ஆராதனைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அட்டையில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு எடுத்த படம். உள்ளே வாழ்க்கைக் குறிப்பு. ஊரையும் பெயரையும் மாற்றிவிட்டால் அந்தக் குறிப்புகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கிராமத்தில் பிறந்தார், இருபது வயதுவாக்கில் கடல் கடந்தார், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார், பிள்ளைகளை ஆளாக்கினார், ஊருக்குப் பணம் அனுப்பினார், கர்த்தருக்குப் பயந்து நடந்தார்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் உழைப்பு, குடும்பம், சபை என்று மூன்று நற்குணங்களாக அடுக்கும்போது ஒரு விஷயம் நழுவிவிடுகிறது. மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்ற ஒரே ஏற்பாடு. முதலாளி சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தார், வங்கி கடன் தர மறுத்தது, சட்டம் பிள்ளையைக் கூட்டிவர விடவில்லை. அந்தப் பள்ளங்களையெல்லாம் இந்தப் பெண்கள் தங்கள் தூக்கத்தாலும், தாயார்களின் உதவியாலும், சபையாலும் நிரப்பினார்கள். நாலு சுவருக்குள் நடந்ததால் அது பொருளாதாரக் கணக்கில் வரவில்லை, நற்குணக் கணக்கில் போய்விட்டது.

ஏன் கிளம்பினார்கள்?

ஜமைக்காவில் பெண் வேலைக்குப் போவது புதுச் செய்தி கிடையாது. அடிமை முறை இருந்த காலத்திலேயே, மலைச்சரிவில் ஒதுக்கப்பட்ட துண்டு நிலத்தில் வள்ளிக்கிழங்கும் வாழையும் விளைவித்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றவர்களில் பெண்கள் ஏராளம். அந்த வழியில் வந்த சந்தை வியாபாரிகளை இன்றும் ஹிக்லர் என்கிறார்கள். 1838ல் முழு விடுதலை கிடைத்தது. நல்ல நிலமோ கரும்புத் தோட்டக்காரர்களிடமே தங்கியது. ஆண்கள் பனாமாவுக்கும் கியூபாவுக்கும் கூலி வேலைக்குப் போனார்கள். பெண்கள் கிங்ஸ்டனில் வீட்டு வேலைக்குப் போனார்கள். 1938ல் கூலி உயர்வு கேட்டுத் தீவு முழுக்க வேலைநிறுத்தமும் கலவரமும் வெடித்தன. 1951 ஆகஸ்டில் அடித்த புயல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்று, பயிர்களையும் வீடுகளையும் வாரிக்கொண்டு போனது.

பக்கத்தில் இருந்த நாடு அமெரிக்கா. போன தலைமுறையில் பலர் அங்கேதான் போனார்கள். 1920களில் நியூயார்க்குக்கு வந்த மாட் ஏரியல் மெக்காய் என்ற ஜமைக்கப் பெண், ஆயத்த ஆடைத் தொழிலில் தையல் வேலை செய்தார், தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தார், பிராங்க்ஸில் ஓர் எபிஸ்கோபல் தேவாலயத்தில் குடும்பத்தோடு ஊன்றிப்போனார். அவருடைய மகன்தான் பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான கொலின் பவல். மகன் பெயர் பெரிதானதால் இந்த அம்மாவின் பெயர் நமக்குத் தெரிகிறது. அதே பட்டறைகளில் தைத்த மற்றவர்களின் பெயர் தெரியாது.

1952ல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம், பிரிட்டிஷ் காலனி ஒவ்வொன்றிலிருந்தும் வருடத்துக்கு நூறு பேர்தான் வரலாம் என்று கதவைச் சாத்தியது. பிரிட்டனின் கதவு திறந்திருந்தது. 1948ம் ஆண்டுச் சட்டப்படி காலனிக்காரர்களும் குடிமக்களே. கரீபியன் குடியேறிகளை ஏற்றிவந்த எம்பயர் விண்ட்ரஷ் கப்பல், லண்டனுக்கு அருகில் உள்ள டில்பரி துறைமுகத்தில் வந்து நின்றது அதே 1948 ஜூனில். தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது இரண்டு வாரம் கழித்து, ஜூலை 5ல். இலவச மருத்துவம் என்று அறிவித்தாகிவிட்டது, நர்ஸுகளும் துப்புரவுப் பணியாளர்களும் சமையல்காரர்களும் போதவில்லை. மாடு விற்றும் நிலத்தை அடகு வைத்தும் டிக்கெட் எடுத்து வந்த பெண்கள் அந்த இடங்களுக்குப் போனார்கள்.

நர்ஸ் வேலைக்கு வந்தவர்களிடம் ஒரு வித்தை நடந்தது. அங்கே இரண்டு வகைப் பயிற்சி. மூன்று வருடம் படித்தால் பதிவு பெற்ற நர்ஸ், வார்டு சிஸ்டராகவும் மேலேயும் உயரலாம். இரண்டு வருடம் படித்தால் கீழ்நிலை நர்ஸ், அதோடு முடிந்தது. கரீபியனில் அந்த இரண்டாவது சான்றிதழுக்கு மதிப்பே கிடையாது. ஆனால் தீவுகளிலிருந்து வந்த பெண்களில் பலரை, தகுதி இருந்தும், வித்தியாசத்தை விளக்காமலே இந்த இரண்டு வருடப் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி நர்ஸாக வேலை பார்க்கலாம் என்று வந்தவர்களுக்கு அந்த வழி அங்கேயே அடைபட்டது. பலர் முதியோர் வார்டிலும் மனநல ஆஸ்பத்திரியிலும் முப்பது வருடம் ஓட்டினார்கள். அதிலும் நைட் டியூட்டியைத் தாங்களாகவே கேட்டு வாங்கினார்கள். காலையில் வந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, நாலு மணி நேரம் தூங்கி, மாலையில் பிள்ளையை அழைத்துவந்து மறுபடி கிளம்பலாம். குழந்தைகள் காப்பகச் செலவு மிச்சம். அந்த மிச்சத்துக்கான விலையை அவர்களுடைய முதுகும் முழங்காலும் கொடுத்தன.

விட்டுவந்த பிள்ளைகள்

வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியோடு தாண்டிப்போகும் பகுதி இது. முதலில் தாய் மட்டும் வருவார், அல்லது கணவன் வந்து, பிறகு மனைவி வருவார். பிள்ளைகள் பாட்டியிடம். ஜமைக்கக் கிராமத்தில் பாட்டி பிள்ளை வளர்ப்பது சகஜம், அதனால் இதில் உடனே எந்த விபரீதமும் தெரியவில்லை. இரண்டு வருடத்தில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று கிளம்புவார்கள், ஆறேழு வருடம் ஆகிவிடும். 1962 ஜூலையில், பிரிட்டனுக்கு வருவதைக் கட்டுப்படுத்தும் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வரப்போகிறது என்றதும் அவசர அவசரமாகப் பலர் கிளம்பினார்கள். போகப் போகத் தனித்தனியாகப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் இறங்கிய பத்து வயதுப் பெண்ணுக்கு எதிரில் நிற்கும் அம்மா ஒரு போட்டோவாகத்தான் பழக்கம். அவள் பாட்டியை நினைத்து அழுவாள். இங்கே பிறந்த தம்பி தங்கைகள் அவள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். அம்மாவோ நைட் டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்.

கனடா இதை இன்னும் வெளிப்படையாகச் செய்தது. 1955ல் அந்த நாடு மேற்கிந்தியப் பெண்களை வீட்டு வேலைக்கு எடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதல் வருடம் நூறு பேர்: ஜமைக்காவிலிருந்து 75, பார்படாஸிலிருந்து 25. வயது 18க்கும் 35க்கும் நடுவில் இருக்க வேண்டும், எட்டாம் வகுப்பாவது படித்திருக்க வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது, பிள்ளை இருக்கவே கூடாது. ஒரு வருடம் வீட்டு வேலை செய்தால் நிரந்தரமாகத் தங்கலாம். ஆசிரியைகளும் குமாஸ்தாக்களும்கூட வேலைக்காரியாகப் போகச் சம்மதித்தார்கள், ஏனென்றால் வேறு வாசல் இல்லை. பிள்ளை இருந்தவர்கள் என்ன செய்வார்கள்? இல்லை என்று எழுதினார்கள். அப்படி எழுதச் சொன்ன அதிகாரிகளும் உண்டு என்று அந்தப் பெண்கள் பின்னால் சொன்னார்கள். 1960களின் இறுதியில் திட்டம் முடிந்த பிறகும் அந்தப் படிவத்தின் நிழல் போகவில்லை. 1970களின் இறுதியில் ஏழு ஜமைக்கப் பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிவர விண்ணப்பித்தார்கள். பிள்ளை இருப்பதை முதலில் மறைத்தீர்கள், நாட்டை விட்டுப் போங்கள் என்று உத்தரவு வந்தது. வருடக்கணக்கில் மற்றவர்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டியவர்களுக்குச் சொந்தப் பிள்ளையைக் கேட்டதற்கு நாடுகடத்தல். தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் தெருவில் இறங்கின. 1979ல் அவர்கள் தங்க அனுமதி கிடைத்தது.

வீடு வாங்கிய கதை

பிரிட்டனில் ஒரே அறையில் அடுப்பு, கட்டில், பெட்டி, மண்ணெண்ணெய் ஹீட்டர் என்று வாழ்க்கை. கறுப்பர்களுக்கு வீடு இல்லை என்ற அட்டைகள் ஜன்னலில் தொங்கின. வாடகைக்கு விடுவதில் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் வர 1968 ஆனது. அதுவரை ஒரே வழி சொந்தமாக வாங்குவது. வங்கி கடன் தராது. அப்புறம் எப்படி வாங்கினார்கள்?

நம் ஊரில் சீட்டு பிடிப்பார்களே, அதேதான். ஜமைக்காவில் அதற்குப் பார்ட்னர் என்று பெயர். இருபது பேர் வாரம் ஐந்து பவுண்ட் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒருவருக்கு நூறு பவுண்ட் மொத்தமாகக் கையில் வரும். ஏலம் கிடையாது, தள்ளுபடி கிடையாது, யார் எப்போது எடுப்பது என்பதைச் சீட்டு நடத்துகிறவர் முடிவு செய்வார். அவரை பேங்கர் என்பார்கள். அந்த பேங்கர் பெரும்பாலும் ஒரு பெண், பெரும்பாலும் சபையில் எல்லோரும் அறிந்த பெண். எழுத்து இல்லை, ஜாமீன் இல்லை. பணத்தை ஏமாற்றினால் ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு பெஞ்சில் உட்காருவது? அந்த ஒரு கேள்விதான் பத்திரம். பிரசவம் வருகிறது, ஊரில் அப்பா சாகக் கிடக்கிறார், பிள்ளைக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்றால் வரிசை மாறும். வீட்டுக்கு முன்பணம் கட்டியதும், பழைய வீட்டை வாங்கி அறை அறையாகச் சொந்தக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுக் கடனை அடைத்ததும் இந்தப் பணத்தில்தான்.

பக்தியும் பணமும் தனித்தனி என்று நினைக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம். அந்த அம்மாக்களுக்கு அந்தச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. 1980ல், ஜமைக்காவில் பிறந்த பெந்தெகொஸ்தே போதகர் ஒருவர் லண்டனில் கடன் கூட்டுறவுச் சங்கமே தொடங்கினார்.

சபை எதற்கு?

ஜமைக்காவில் சபைக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தால் இந்தப் பெண்களின் பக்தி வெறும் பழக்கமாகத் தெரியும். 1783ல் கிங்ஸ்டனுக்கு வந்து பாப்டிஸ்ட் ஊழியத்தைத் தொடங்கிய ஜார்ஜ் லைல், அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாக இருந்து விடுதலையானவர். 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் கூலி கொடுக்காவிட்டால் கரும்பு வெட்ட மாட்டோம் என்ற கிளர்ச்சியை நடத்திய சாம் ஷார்ப், அடிமை, பாப்டிஸ்ட் சபையின் டீக்கன், அதாவது உதவி ஊழியர். 1832 மே மாதம் மான்டிகோ பேயில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தோட்டக்காரர்கள் ஆத்திரத்தில் பாப்டிஸ்ட் தேவாலயங்களை எரித்தார்கள். அடுத்த வருடம் லண்டன் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. விடுதலையானவர்களுக்கு நிலம் விற்கத் தோட்டக்காரர்கள் மறுத்தபோது மிஷனரிகள் நிலத்தை வாங்கித் துண்டு போட்டுக் கொடுத்தார்கள். ஸ்லைகோவில் போன்ற சுதந்திரக் கிராமங்கள் அப்படி வந்தவை. 1865ல் மொரான்ட் பேயில் கிளர்ச்சியை நடத்திய பால் போகிளும் டீக்கன்தான். ஆக, ஜமைக்கக் கிராமத்துப் பெண்ணுக்குச் சபை என்பது பிரார்த்தனைக் கூடத்தோடு முடிகிற விஷயமாக இருந்ததில்லை. நிலம், பள்ளிக்கூடம், கூலி எல்லாம் அதன் வழியாக வந்தன.

அப்படிப்பட்டவர்கள் இங்கிலாந்துக்கு வந்து, முதல் ஞாயிறே நல்ல உடையும் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு பக்கத்துத் தேவாலயத்துக்குப் போனார்கள். தங்களுக்கு மிஷனரிகளை அனுப்பிய நாடல்லவா. அங்கே பக்கத்தில் உட்கார ஆளில்லை. சில இடங்களில் ஆராதனை முடிந்ததும் போதகரே வாசலில் நின்று, வந்ததற்கு நன்றி, இனி வர வேண்டாம் என்று நயமாகச் சொல்லி அனுப்பினார். இங்கிலாந்து திருச்சபை அதற்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2020 பிப்ரவரியில். வாசலில் நின்று கேட்டவர்களில் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

அவர்கள் வீட்டின் முன்னறையில் ஜெபக் கூட்டம் தொடங்கினார்கள். ஹீட்டரைச் சுற்றி ஏழெட்டுப் பேர், ஒரு வேதாகமம், ஒரு கஞ்சிரா. அப்புறம் பள்ளிக்கூட ஹால், வாடகை அறை, கடைசியில் வெள்ளைக்காரர்கள் கைவிட்ட பழைய தேவாலயக் கட்டடம். பிரிட்டனின் பெரிய கறுப்பர் சபைகளில் ஒன்றான நியூ டெஸ்டமென்ட் சர்ச் ஆஃப் காட், ஜமைக்காக்காரரான ஆலிவர் லைசெய்ட் முன்னின்று 1953ல் வுல்வர்ஹாம்ப்டனில் ஒரு சின்ன ஹாலில் தொடங்கியது. புதிதாக வந்தவருக்கு அறை எங்கே கிடைக்கும், எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், எந்த டாக்டர் மரியாதையாகப் பேசுவார் என்ற தகவலெல்லாம் ஆராதனை முடிந்தபின் டீயோடு கிடைத்தது. வாரம் முழுக்க வார்டில் பெயர் சொல்லாமல் கூப்பிடப்பட்டவர், ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர், வயதான பின் மதர். செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபைக்காரர்களுக்கு வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை ஓய்வுநாள். அதற்காக ஷிப்டை மாற்றிக்கொள்ள அவர்கள் வார்டில் நடத்திய பேரத்தைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம்.

1960களில் பள்ளிக்கூடங்கள் கரீபியன் பிள்ளைகளை மந்த புத்தி உள்ளவர்களுக்கான தனிப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கின. 1971ல் கிரெனடாவைச் சேர்ந்த ஆசிரியர் பெர்னார்ட் கோர்ட் இதை ஆதாரத்தோடு அம்பலப்படுத்தினார். பெற்றோர்கள் சனிக்கிழமைப் பள்ளிகளை நடத்தினார்கள். சபை ஹால்கள் வகுப்பறைகளாயின.

சரி, சபையைப் புகழ்ந்துகொண்டே போகவும் முடியாது. பெஞ்சில் உட்கார்ந்தவர்களும், பாடியவர்களும், ஞாயிறு பள்ளி நடத்தியவர்களும், அடுக்களையில் வெந்தவர்களும், காணிக்கையில் பெரும்பங்கு போட்டவர்களும் பெண்கள். மேடையில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கல்யாணத்துக்கு முன் கர்ப்பமான மகளைச் சபை முன்னால் நிறுத்திக் கண்டித்த கதைகளும் உண்டு. அடிக்கிற கணவனுக்காக ஜெபிக்கச் சொன்ன போதகர்களும் உண்டு. மான்டிகோ பேயில் பிறந்த ரோஸ் ஹட்சன்-வில்கின் 2019ல் இங்கிலாந்து திருச்சபையின் முதல் கறுப்பினப் பெண் பிஷப் ஆனார். முன்னர் கறுப்பர்களை வாசலில் திருப்பி அனுப்பிய அதே திருச்சபையில்தான் இது நடந்தது.

வுல்வர்ஹாம்ப்டனுக்குத் திரும்ப வருவோம். அந்த ஊரின் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் ஈனக் பவல். அவர் சுகாதார அமைச்சராக இருந்த 1960–63 காலத்தில் ஆஸ்பத்திரிகள் கரீபியன் நர்ஸுகளை வேலைக்கு எடுத்தபடியே இருந்தன. 1968 ஏப்ரலில் அதே பவல், குடியேறிகளால் நாடு ரத்த ஆறாகும் என்ற பொருளில் பேசினார். அந்த வருடம்தான் பாலெட் வில்சன் என்ற ஜமைக்கச் சிறுமி தாத்தா பாட்டியிடம் வளர இங்கிலாந்து வந்தாள். வளர்ந்து, நாடாளுமன்ற உணவகத்தில் சமையல்காரராகவும் வேலை பார்த்து, 34 வருடம் காப்பீட்டுச் சந்தா கட்டி, வுல்வர்ஹாம்ப்டனில் இருந்தவருக்கு, நீங்கள் சட்டவிரோதக் குடியேறி என்று கடிதம் வந்தது. 2017 அக்டோபரில் தடுப்பு மையத்தில் ஒரு வாரம் அடைத்தார்கள். ஐம்பது வருடமாகப் பார்க்காத தீவுக்கு அனுப்பப் பார்த்தார்கள். அவரைப் போன்றவர்கள் எப்போது வந்தார்கள் என்பதைக் காட்டும் வருகை அட்டைகளை அரசே 2010ல் அழித்திருந்தது. 2018ல் விஷயம் வெடித்து உள்துறை அமைச்சர் பதவி விலகினார். வில்சன் 2020 ஜூலையில் 64 வயதில் இறந்தார்.

1965ல் அமெரிக்கா பழைய ஒதுக்கீட்டை நீக்கியதும் திசை மீண்டும் நியூயார்க் பக்கம் திரும்பியது. இந்தத் தடவை முன்னால் போனது பெரும்பாலும் பெண்கள்: பிள்ளை பார்க்க, வயதானவர்களைப் பார்க்க. ஆளுயர பீப்பாய் ஒன்றை அறை மூலையில் வைத்து, சம்பள நாள்தோறும் அரிசி, எண்ணெய், டின் மாட்டிறைச்சி, சோப்பு, பள்ளி ஷூ என்று நிரப்பி, நிறைந்ததும் கப்பலில் ஊருக்கு அனுப்புவார்கள். அந்தப் பீப்பாய்க்காகக் காத்திருந்து வளர்ந்தவர்களை 1990களில் மேற்கிந்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர் கிளாடெட் கிராஃபர்ட்-பிரவுன் பீப்பாய்ப் பிள்ளைகள் என்று அழைத்தார். பொருளுக்குக் குறையில்லை, பக்கத்தில் ஆள் இல்லை. இப்போது ஜமைக்காவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற பணம் ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல், நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பணத்தில் நிதியமைச்சகத்தின் திறமை எதுவும் இல்லை. நியூயார்க்கிலும் லண்டனிலும் டொரான்டோவிலும் யாரோ ஓவர்டைம் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் விளக்கம்.

ஓவர்டைம் என்றதும் எவ்லின் கோக்கைச் சொல்லாமல் விட முடியாது. ஜமைக்காவில் பிறந்து, நியூயார்க்கின் குயீன்ஸில் பிள்ளைகளை வளர்த்தவர். இருபது வருடம்போல முதியவர்களின் வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சமைத்துப் போட்டவர். சில நாள் இருபத்துநாலு மணி நேரமும் நோயாளி வீட்டிலேயே. வாரம் நாற்பது மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி என்பது அமெரிக்கச் சட்டம். ஆனால் முதியவருக்குத் துணையாக இருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்று 1974ல் ஒரு விலக்கு சேர்த்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் அவ்வப்போது பார்த்துக்கொள்வதை மனதில் வைத்து எழுதியது. நிறுவனங்கள் முழுநேரத் தொழிலாளிகளுக்கும் அதையே காட்டின. கோக் வழக்குப் போட்டார். 2007 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். விதியைத் தொழிலாளர் துறைதான் மாற்ற வேண்டும் என்றார்கள். 2009ல் அவர் இறந்தார். தொழிலாளர் துறை 2013ல் விதியை மாற்றியது, 2015ல் அது நடைமுறைக்கு வந்து பல லட்சம் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுக்கு ஓவர்டைம் உரிமை கிடைத்தது. 2025 ஜூலையில் அதே துறை, பழைய விலக்கையே திரும்பக் கொண்டுவரலாம் என்று முன்மொழிந்திருக்கிறது.